ஸ்ட்ரெஸ் ஷீட்டில் நான் எழுதாமல் விட்ட ஒரு வரி

தனபால் அங்கிளுக்கு நான் எடுத்துக் கொடுத்த ஸ்கேன் செல்லாது. அது எனக்கு அன்றைக்கே தெரியும். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. புதிதாக வேலைக்கு வரும் டெக்னீஷியன்களுக்காக ஏதாவது எழுதுங்கள் என்றார்கள். சாதித்ததைச் சொல்ல ஆள் நிறைய இருக்கிறார்கள்; நான் சொதப்பியதைச் சொல்கிறேன்.

1. காபி கேட்டேன், டீ கேட்கவில்லை

இதயத்தின் ரத்தக்குழாய் பாதி அடைத்திருந்தாலும், சும்மா இருக்கும்போது ரத்தம் ஓரளவு போய்விடும். அதனால் ரெஸ்டில் ஒரு ஸ்கேன், இதயத்துக்கு வேலை கொடுத்து ஸ்ட்ரெஸ்ஸில் ஒரு ஸ்கேன் எடுத்து இரண்டையும் ஒப்பிடுவோம். ட்ரெட்மில்லில் நடக்க முடியாதவர்களுக்கு அடினோசின் என்ற மருந்தை ஏற்றுவோம். அது நல்ல குழாய்களை விரியச் செய்யும். அடைத்த குழாய் விரியாது. கூடவே ஊசியில் கொஞ்சம் கதிரியக்க மருந்து போட்டால், ரத்தம் குறைவாகப் போகும் இடம் காமா கேமராவில் மங்கித் தெரியும். காபியோ டீயோ குடித்திருந்தால் அடினோசின் சரியாக வேலை செய்யாது. இரண்டு படமும் ஒரே மாதிரி வந்து, அடைப்பு உள்ளவருக்கும் நார்மல் என்று ரிப்போர்ட் போய்விடும்.

அங்கிள் ஹவுராவில் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். மூட்டுவலி வேறு. நாலு எட்டு நடந்தால் நெஞ்சை இறுக்குகிறது என்றார். அவருக்கு ஆஞ்சியோகிராம் செய்வதா வேண்டாமா என்பதை டாக்டர் எங்கள் ஸ்கேனைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

வங்காளி பேஷன்ட் என்றால் பால் சா (சா என்றால் டீ), பால் கலக்காத லால் சா, எலுமிச்சை சா, கோலா, சாக்லேட் என்று வரிசையாகக் கேட்பேன். இவர் வேலூர்த் தமிழில் பேசியதும் எனக்குக் குஷி தாங்கவில்லை.

"அங்கிள், நேத்துலருந்து காபி குடிக்கலையே?"

"காபியா? அத வீட்ல வாங்கறதே இல்லம்மா."

டிக் போட்டுவிட்டேன். தமிழர் என்றால் காபிதான் என்று, இங்கே பெஹாலாவில் பிறந்து டீ குடித்தே வளர்ந்த நானே நினைத்துவிட்டேன். மரமண்டை.

அடினோசின் ஏறும்போது பலருக்கு முகம் சிவக்கும், மூச்சு முட்டும். அங்கிள் நிம்மதியாக மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

"ஒண்ணுமே பண்ணலையேம்மா" என்றார்.

"எனி சிம்ப்டம்ஸ்?" என்று டாக்டர் கேட்டார்.

"நோ சார், வெல் டாலரேட்டட்" என்றேன், ஏதோ என் கைராசி போல.

2. அன்றைய இரண்டாவது டீ

ஊசி போட்ட பிறகு கேமராவுக்குக் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும். அப்போது ஏதாவது சாப்பிடக் கொடுப்போம். டீயும் பிஸ்கட்டும் நீட்டினேன்.

"இன்னிக்கு இது ரெண்டாவதும்மா. காலைல லாஞ்ச் படகு ஏறுறதுக்கு முன்னாடி படகுத்துறைல ஒரு லால் சா குடிச்சேன். பால் கூட கிடையாது, வெறும் சுடுதண்ணிதான்."

பால் இல்லாவிட்டாலும் டீ டீதான். அதை ஷீட்டில் எழுதி, டாக்டரிடம் சொல்லி, வேறொரு நாள் ஸ்ட்ரெஸ்ஸை மட்டும் திரும்பச் செய்திருக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் முந்தின வாரம்தான் ஒரு டோஸ் கதிரியக்க மருந்தை வீணாக்கியதற்காக எல்லார் முன்னாலும் திட்டு வாங்கியிருந்தேன். ஒரு சின்ன மண்கோப்பை டீ என்ன செய்துவிடும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

ரிப்போர்ட் நார்மல் என்று வந்தது. ஆஞ்சியோகிராம் இப்போது வேண்டாம், மாத்திரை போதும் என்று டாக்டர் அனுப்பிவிட்டார். அங்கிள் சிரித்த முகமாக என்னிடம் சொல்லிக்கொண்டு போனார்.

3. முன்பக்கச் சுவர்

துர்கா பூஜைக்கு முன்பே அவருக்கு மாரடைப்பு வந்தது. பிழைத்துக்கொண்டார். இதயத் தசை எவ்வளவு உயிரோடு இருக்கிறது என்று பார்க்க எங்களிடமே அனுப்பினார்கள். படத்தில் இதயத்தின் முன்பக்கச் சுவரில் பெரும்பகுதி இல்லவே இல்லை; அந்தத் தசை செத்துவிட்டிருந்தது.

அவர் மனைவி என்னைப் பார்த்துக் கேட்டார்: "நல்லாருக்குன்னு நீங்கதானம்மா சொன்னீங்க? நம்பித்தான வீட்டுக்குப் போனோம்."

அங்கிள் குறுக்கே வந்தார். "அந்தப் பொண்ண ஏன் கேக்கற? மெஷின்ல வந்ததத்தான் அது குடுக்கும்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் குனிந்து ட்ரேயில் எதையோ துழாவிக்கொண்டிருந்தேன். குளிர்காலம் முடிவதற்குள் அவர் போய்விட்டார்.

அதன்பிறகுதான் டாக்டரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. அன்றே சொல்லியிருந்தால் அந்த வாரமே திரும்ப எடுத்திருப்பேன் என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

நீங்கள் யாரானாலும் கேள்விகளை முழுதாகக் கேளுங்கள். உங்கள் பாஷை பேசுகிறவரிடம் இரண்டு தடவை கேளுங்கள். டெஸ்ட் முடிந்த பிறகு காதில் விழுந்ததையும் ஷீட்டில் எழுதுங்கள். திட்டு இரண்டு நாளில் மறந்துபோகும்.

அங்கிளின் மனைவியிடம் நான் இன்னும் சொல்லவில்லை. போன வாரம்கூட அவர் போன் செய்து, "கடைசி வரைக்கும் அவரு உன்ன விட்டுக்குடுக்கலம்மா" என்றார். "சரி ஆன்ட்டி" என்றேன்.