பதினேழாம் வயர்

மருத்துவமனையின் கணினி வலையைப் பார்த்துக்கொள்பவருக்குச் சக்கரம் என்று பட்டப்பெயர் வைத்தவர் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். ஒரு மாடியில் வேலை முடியும் முன்பே மறு மாடியில் நிற்பார் மனிதர். எழுதி வைப்பது மட்டும் எப்போதும் நாளைக்கு.

இரண்டு நாளாக, ஆய்வகத்தின் புது ரத்தப் பரிசோதனை இயந்திரம் அனுப்பும் முடிவுகளில் பாதிதான் டாக்டர்களின் திரைக்குப் போய்ச் சேர்ந்தது. இயந்திரத்தை இயக்குபவள் சக்கரத்தின் கொழுந்தியாள். மனைவியின் ஒரே தங்கை. அவள் வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு வாரம்தான் பாக்கி. நேற்று மேலாளர் காரணம் கேட்டபோது சக்கரம் நடந்துகொண்டே, "லேப்ல யாராவது சொந்தமா எதையாவது நெட்வொர்க்ல மாட்டியிருப்பாங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இன்று பன்னிரண்டு மணிக்குள் அவள் விளக்கம் எழுதித் தர வேண்டும், இல்லையென்றால் வேலைக்கு வர வேண்டாம் என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

பதினொரு மணி. சக்கரத்துக்கு நிலைகொள்ளவில்லை. லினக்ஸ் போட்ட மடிக்கணினியை ஒரு கையில் ஏந்தி, நின்றபடியே ஆர்ப்-ஸ்கேன் கட்டளையை ஓட்டினார். வலையிலுள்ள ஒவ்வொரு ஐபி முகவரியையும் கூப்பிட்டு, பதில் சொல்லும் கருவிக்குத் தயாரிப்பிலேயே பதிந்த எண்ணைக் காட்டும் கட்டளை அது. இயந்திரத்தின் முகவரிக்கு இரண்டு கருவிகள் பதில் சொல்லின. ஒரே கதவு எண்ணை இரண்டு வீட்டில் மாட்டினால் தபால்காரர் என்ன செய்வார்? ஆனால் அவருடைய நோட்டில் அந்த முகவரி காலி என்றுதான் இருந்தது. அதை நம்பித்தான் புது இயந்திரத்துக்குக் கொடுத்திருந்தார்.

அந்த முகவரியை விடாமல் கூப்பிடும்படி வைத்துவிட்டு, அந்த மாடியின் கணினி வயர்களெல்லாம் வந்து சேரும் சுவிட்ச் பெட்டியில் அவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மாட்டினார். இரண்டு அறைகளிலிருந்து திட்டு வந்தது, காதில் போட்டுக்கொள்ளவில்லை. பதினேழாவதைப் பிடுங்கியதும் இரண்டாவது பதில் நின்றது.

அந்த வயர் ஆய்வகத்துக்குப் போகவில்லை. நடைபாதையின் பொய்க்கூரைக்கு மேலே ஏறியது. ஏணி போட்டு ஏறி ஒரு பலகையைத் தள்ளினார். தூசி படிந்த சின்னப் பெட்டி, பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டு கிடந்தது. மேலே ஒட்டிய தாளில் அவருடைய கோழிக்கிறுக்கல்: 'சோதனைக்கு. நாளை கழற்றவும்.' தேதி மூன்று மாதத்துக்கு முந்தையது. நோட்டில் அதை எழுதவே மறந்திருந்தார்.

பெட்டி பைக்குள் அடங்கும் அளவுதான். கழற்றிவிட்டால் கோளாறும் போய்விடும், கேட்பார் யாருமில்லை. ஏணியிலிருந்து இறங்குவதற்குள் இருமுறை அதைப் பையில் போட்டு, இருமுறை வெளியே எடுத்தார்.

மேலாளர் அறையில் கொழுந்தியாள் வெற்றுத்தாளோடு உட்கார்ந்திருந்தாள். சக்கரம் பெட்டியை மேசைமேல் வைத்தார்.

"இது என் எழுத்து சார். லேப்ல யாரும் எதுவும் மாட்டலை."

மேலாளர் பெட்டியில் ஒட்டியிருந்த தாளைப் படித்தார். பிறகு அவளிடமிருந்த வெற்றுத்தாளை வாங்கி, சக்கரத்தின் பக்கம் தள்ளினார்.

சக்கரம் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அவள் எழுந்து வாசல்வரை போய் நின்றாள்.

"அக்கா நேத்துலருந்து என்னைத்தான் திட்டிட்டிருக்கா மாமா. இதை அவகிட்டயும் நீங்களே சொல்லிடுங்க."