நூறு காட்டிய ரிப்போர்ட்டும் செல்வியக்கா புடவையும்

புதன்கிழமை காலையில் செல்வியக்காவின் போன்.

"இன்னாம்மா உங்க பொட்டி? மேல் பக்கம் பார்டரே வேணாம்னு போட்டா, போன பொடவையோட மாங்கா டிசைனு வந்துக்கினு இருக்குது!"

அப்போது காஞ்சிபுரத்தில் ஒரு சிறிய கம்பெனியில் சாப்ட்வேர் டெஸ்டராக இருந்தேன். தறிமேல் மாட்டும் எலக்ட்ரானிக் ஜக்கார்டு பெட்டிக்கு நாங்கள் புரோகிராம் எழுதினோம். எந்த இழையை எப்போது தூக்குவது என்று தறிக்குச் சொல்வது அதுதான். சின்ன காஞ்சிபுரத்தில் எங்களை நம்பி முதலில் அதை மாட்டிய நெசவாளர் செல்வியக்கா. இப்போது தறியில் இருந்தது கல்யாணப் புடவை. முகூர்த்தத்துக்கு இருபதே நாள்.

முதலாளி என் மேஜைக்கு வந்தார். "ஏம்மா, நூறு பர்சென்ட் கவரேஜ்னு சொன்னே?"

"ஆமா சார், நூறுதான்." சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

எழுதிய கோடில் எவ்வளவை டெஸ்ட் தொட்டது என்று அளப்பது கவரேஜ் டூல்; அது கோடுக்குள் ஆங்காங்கே எண்ணிக்கைக் கவுண்டர்களைச் செருகிவிடும். டெஸ்ட் எந்த வழியாகப் போகிறதோ அந்தக் கவுண்டர் ஏறும். நான் பார்த்தது லைன் கவரேஜ். எந்த வரி ஓடியது என்பது மட்டும் அதில் தெரியும். எங்கள் கோடில் ஓர் இஃப் நிபந்தனை: இரண்டு பக்கமும் பார்டர் என்றால் மேல் பக்கத்தை நிரப்பு. இல்லையென்றால் என்ன செய்வது என்று எதுவும் எழுதவில்லை, அதனால் போன புடவையின் டிசைன் பெட்டியின் மெமரியிலேயே தங்கிவிட்டது. எழுதாத வரி ஓடவில்லை என்று ரிப்போர்ட் எப்படிக் காட்டும்?

டெஸ்டுக்குப் பத்து டிசைன் பொறுக்கியது நான். பத்தும் அம்மா பீரோவில் பார்த்தவை போன்ற புடவைகள், எல்லாவற்றிலும் இரண்டு பக்கமும் பார்டர். ஊர்க்காரிக்குத் தெரியாத புடவையா என்ற திமிர்.

பிராஞ்ச் கவரேஜை ஆன் செய்தேன். அது ஒவ்வொரு இஃபுக்கும் ஆம், இல்லை என்று இரண்டு கவுண்டர் வைக்கும். அந்த இஃபில் 'ஆம்' பத்து, 'இல்லை' பூஜ்யம். அவமானமாக இருந்தது. டெவலப்பர் மதியத்துக்குள் திருத்திக் கொடுத்தார். தொடப்படாமல் கிடந்த மற்ற கிளைகளில் முடிந்தவற்றுக்கு டெஸ்ட் எழுதி, மீதியை ஒரு தாளில் குறித்துக்கொண்டு, மறுநாள் காலை திருத்திய புரோகிராம் ஏற்றிய மாற்றுப் பெட்டியை நானே செல்வியக்கா வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

"தப்பா வந்தத நாலு விரக்கட பிரிச்சிருக்கேன்மா. பட்டு இன்னொரு தபா தாங்காது. இப்ப உன் ரிப்போர்ட்டு எவ்ளோ காட்டுது?"

"தொண்ணூத்தி நாலுக்கா."

"பொட்டி மாட்டுன அன்னிக்கி நூறுன்னியே! கொறஞ்சில்ல போச்சு?"

"அன்னிக்கி எதப் பாக்கலன்னே எனக்குத் தெரியாதுக்கா. இன்னிக்கி பாக்காதத எழுதி எடுத்தாந்துக்கிறேன். அதுல எதுவும் உங்க பொடவையில வராது."

தாளை வாங்கி முழுக்கப் படித்தார். பிறகு பெட்டியை மாட்டிவிட்டுத் தறியில் உட்கார்ந்தார். மேல் பக்கம் வெறுமையாக வந்தது. புடவை முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்பே முடிந்தது.

இப்போது என் டீமில் யாராவது நூறு என்று சிரித்துக்கொண்டு வந்தால் நானும் சிரிப்பேன். சிரித்துவிட்டுக் கேட்பேன்: "எதுல நூறு?"