பதில் வரும்வரை தொங்கிய வெங்காயம்

பொதுமகன் ஒருவரின் கடிதம் கிடைத்தால், கிடைத்தது என்றாவது உடனே பதில் எழுத வேண்டும் என்பது அரசு அலுவலக விதி. ஓய்வு பெறும்வரை அதை நானே பலருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். நேற்றுக் கடையில் கப்பலில் வந்த வெங்காய மூட்டையை அவிழ்த்தபோது எழுந்த வாடை, அந்த விதியையும் எங்கள் ஊரான இணுவிலில் இருந்த வெங்காயக் கொட்டிலையும் சேர்த்தே நினைவூட்டியது.

வெங்காய இறக்குமதி தடைசெய்யப்பட்டிருந்த வருடங்களில், பிடி பிடியாகக் கட்டிய சின்ன வெங்காயம் அந்தக் கொட்டிலின் தென்னோலைக் கிடுகுக் கூரையின் கீழ் வரிசையாகத் தொங்கிக் காற்றுக்குச் சரசரக்க, கொழும்பு லொறிகள் வாசல் ஒழுங்கையில் காத்து நிற்கும். என் தகப்பனார், ஐயா, சொன்னதுதான் விலை. அரசு மாறி இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் விலை விழுந்தது, லொறிகள் வருவதும் நின்றது. இறக்குமதியை நிறுத்தும்படி அமைச்சுக்கு எழுதிய ஐயா, பதில் வரும்வரை ஒரு பிடியும் விற்பதில்லை என்றிருந்தார்.

"முளைக்குது, கேட்ட விலைக்குக் குடுங்கோவன்," என்றார் அம்மா.

"பொறுமப்பா. எழுதினா பதில் தரவேணும், அதுதான் சட்டம்," என்றார் ஐயா.

"உங்கடை சட்டத்தை வெங்காயத்துக்கு ஆர் சொல்லுறது?"

வெங்காயம் தொங்கியபடியே பச்சை விட்டது, பிறகு அழுகி நிலத்தில் சொட்டியது, மாடுகூட முகர்ந்துவிட்டு விலகிப் போனது. கடைசியில் கொட்டிலைப் பிரித்து, அதன் கிடுகை எரித்து அம்மா கூழ் காய்ச்சிக்கொண்டிருந்தபோது, 'தங்கள் கடிதம் கிடைத்தது' என்ற பதில் வந்தது. அன்று, ஐயா எழுதியதற்கு அடுத்த வருட ஆடிப்பிறப்பு, ஆடி முதல் நாள்.