வாசற்படிக்கு வெளியே ஒரு ஊதுவத்தி

என் மகளுக்கு மூச்சிழுப்பு வந்தது ஊதுவத்திப் புகையாலா, மக்காச்சோளத் தூசியாலா, இரண்டும் இல்லாமல் வேறு எதனாலோவா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. தெரியாமலேயே எங்கள் வீட்டில் ஒரு சட்டம் போட்டுவிட்டேன். அந்தச் சட்டத்தை ஒருவர் எப்படிக் காப்பாற்றி வந்தார் என்பதை, இழுவை போன ஒரு வாக்குவம் கிளீனரைச் சரிசெய்த நாளில்தான் முழுசாகக் கண்டேன்.

கள்ளக்குறிச்சியை ஒட்டிய ஊர் எங்களுடையது. நான் கல்யாணமாகி வந்தபோது வீட்டில் என் கணவரும் அவருடைய அக்காவும் இருந்தார்கள். அவரை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். தன் கணவர் இறந்தபின் தம்பி வீட்டுக்கே வந்துவிட்டவர். என் கணவர் காலையில் வேலைக்குப் போய்விடுவார். நிலத்தையும் அதில் விளையும் மக்காச்சோளத்தையும் பார்த்துக்கொள்வது அண்ணிதான். கூடத்துச் சுவரில் அவருடைய கணவர் படம் இருக்கிறது. விளக்கு வைக்கும் நேரத்தில் அந்தப் படத்துக்கு ஊதுவத்தி காட்டாமல் அண்ணி ஒரு வேலையும் செய்ய மாட்டார்.

மகளுக்கு மூன்று வயது ஆனபோது இழுப்பு தொடங்கியது. மருந்து எழுதிக் கொடுத்த டாக்டர், “தொடப்பத்தால பெருக்காதீங்க, தூசி பறக்கும். ஈரத்துணி போட்டுத் துடைங்க, இல்லன்னா வாக்குவம் கிளீனர் வச்சுக்குங்க. புகையும் முடிஞ்சா தவிர்த்துடுங்க” என்றார். அந்த ‘முடிஞ்சா’வை பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மனதுக்குள் உருட்டிக்கொண்டே வந்தேன். முடியாவிட்டால் பரவாயில்லை என்கிறாரா? ஒரு பத்தி மட்டும் என்றால் பரவாயில்லையா? திரும்பிப் போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து, கதிர் உரித்துக்கொண்டிருந்த அண்ணியிடம் அவர் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன்.

“அப்ப வெளிய வச்சிக்கிறேன்” என்றார், கதிரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“படம் உள்ள இருக்குதுங்களே அண்ணி?”

“அவரு உசுரோட இருந்தப்பவே நாலு ஊடு தள்ளி நின்னு கத்தனாக்கூட திரும்பிப் பாப்பாரு. வாசப்படி இன்னா தூரம்? போ, போயி புள்ளைக்கு மருந்த ஊத்து.”

அன்று மாலையிலிருந்து அண்ணி வாசற்படிக்கு வெளியே நின்றுகொண்டு, திறந்த கதவு வழியாகப் படத்தைப் பார்த்து ஊதுவத்தியைச் சுற்றினார். காற்று உள்பக்கமாக அடித்தால் ஓரமாகத் தள்ளி நின்று, கையைக் குவித்துப் புகையை மறைத்துக்கொண்டார். பிறகு பத்தியைத் துளசித் தொட்டி மண்ணில் செருகிவிட்டு வெறுங்கையோடு உள்ளே வந்தார். மழை பெய்த நாளில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றதையும் பார்த்திருக்கிறேன். உள்ளே வாங்க என்று சொல்ல வாய் வரும். மகளின் நெஞ்சுச் சத்தம் நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொள்வேன்.

வாக்குவம் கிளீனரையும் வாங்கினோம். சிவப்பு உடம்பு, நீளக் குழாய். மகள் அதற்கு யானை என்று பேர் வைத்தாள். ஆயுத பூஜையன்று டிராக்டருக்கு வைத்ததுபோக மிச்சமிருந்த சந்தனத்தை அண்ணி யானையின் நெற்றியிலும் அப்பிவிட்டார். அந்தப் பொட்டு இன்னும் போகவில்லை.

போன அறுவடையின்போது, சோளம் அடித்து வாசலில் காயப்போட்டிருந்த நாட்களில், மகளை உளுந்தூர்பேட்டையில் என் அம்மா வீட்டில் விட்டிருந்தோம். அங்கே மட்டும் லாரிப் புகை இல்லையா என்று தினமும் போன் செய்து கேட்பேன். அவளோ, “யானை சாப்பிட்டுச்சா?” என்று கேட்பாள். சோளம் ஏற்றிப் போன பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை அவளை அழைத்துவர என் கணவர் கிளம்பினார். மாலை திரும்பும்போது அவள் படுக்கும் அறையில் ஒரு பொட்டுத் தூசி இருக்கக் கூடாது. இருந்தால் மறுபடி அம்மா வீட்டுக்கே அனுப்ப வேண்டியிருக்கும். அவள் இல்லாத வீட்டில் இன்னொரு வாரம் இருக்க என்னால் முடியாது.

யானையை ஓடவிட்டேன். சத்தம் கேட்டது, இழுவை இல்லை. குழாய் முனையைக் காகிதத் துண்டின்மேல் வைத்தேன். காகிதம் அசையாமல் கிடந்தது.

எட்டிப் பார்த்த அண்ணி, “யானைக்கு சளி புட்சிக்கினு இருக்குது” என்றார். “மூக்க சிந்தி உடு.”

கூடவே வந்த கையேட்டை விரித்து வைத்துக்கொண்டேன். முதலில் பை. பின்கட்டுக்குப் போய், வாயில் துணி கட்டிக்கொண்டு தட்டினேன். சோளத்தூசி மஞ்சள் மாவாகக் கொட்டியது. அடுத்தது ஃபில்டர். பஞ்சுப் பலகை மாதிரி இருக்க வேண்டியது அடைபோல் இறுகியிருந்தது. கழுவி, முழுக்கக் காய்ந்தபின்தான் மாட்ட வேண்டும் என்று போட்டிருந்தது. மொட்டைமாடியில் வெயிலில் வைத்துவிட்டு, காய்ந்ததா, இன்னும் உள்ளே ஈரம் இருக்குமா என்று படி ஏறி இறங்கிக்கொண்டே இருந்தேன்.

“அத்த சும்மா உடு. நீ தொட்டுத் தொட்டுப் பாக்கற ஈரமே ஜாஸ்தி” என்று கீழேயிருந்து சத்தம் வந்தது.

மதியத்துக்கு மேல் மாட்டி ஓட்டினேன். காகிதம் லேசாகச் சிலிர்த்தது, அவ்வளவுதான். குழாயைக் கழற்றிவிட்டு மிஷின் வாயில் உள்ளங்கையை வைத்தேன். பிடுங்கி எடுக்கச் சிரமமாக இருந்தது. ஆக மிஷினில் குறை இல்லை, குழாயில்தான். தென்னங்குச்சிகளைக் கட்டி உள்ளே விட்டுப் பார்த்தேன். மறுபக்கம் வந்தது. அடைப்பும் இல்லை. கண்ணுக்கு எங்கேயும் கிழிசலும் தெரியவில்லை. சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தால் ஞாயிற்றுக்கிழமை யார் எடுப்பார்கள்? ஈரத்துணியால் தரையைத் துடைத்துவிடலாம். மெத்தையையும் ஜன்னல் இடுக்கையும் என்ன செய்வது? குழாயை மறுபடி மாட்டி ஓடவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மிஷின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

விளக்கு வைக்கும் நேரம். அண்ணி ஊதுவத்தியோடு வாசற்படிக்கு வெளியே வந்து நின்றார். படத்துக்குச் சுற்றி முடித்தவர், கூடத்தில் நான் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்து, “இன்னாம்மா, அழுவறியா?” என்று குனிந்தார். நான் இழுத்துப்போட்டிருந்த குழாய் நிலைப்படியின்மேல் வளைந்து கிடந்தது. அவர் கையிலிருந்த பத்தியின் புகை நேராக மேலே போகாமல் ஒரு நூலாகச் சாய்ந்து, குழாயின் மடிப்புக்குள் போய்க்கொண்டிருந்தது.

இருவரும் ஒரே நேரத்தில் பார்த்தோம்.

“ஏம்மா, இது இன்னாத்த குடிக்குது?”

“அண்ணி, அங்கதான் ஓட்டை! உள்ள வாங்க, குழா பூரா காட்டிப் பாத்துடலாம்.”

“புகையோடயா?” அண்ணி ஓர் அடி பின்னால் போனார். “புள்ள வர்ற நேரம். நீ அத்த வெளிய தள்ளு.”

நானே கூப்பிட்டும் அவர் வரவில்லை. குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாக நிலைப்படிக்கு வெளியே தள்ளினேன். அவர் படியில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து, ஒவ்வொரு வளையமாகப் பத்தியைக் காட்டிக்கொண்டே வந்தார். மற்ற இடங்களில் புகை தன்பாட்டுக்கு மேலே போனது. அந்த ஓர் இடத்தில் மட்டும் சட்டென்று உள்ளே மறைந்தது. வளைத்துப் பார்த்தால் வாய் திறக்கும், நேராக்கினால் மூடிக்கொள்ளும் கிழிசல். மதியத்திலிருந்து நேராகப் பிடித்துப் பிடித்துத் தேடியிருக்கிறேன்.

நான் டேப் எடுத்துவந்தேன். வரிவரியான குழாயில் டேப் ஒட்டவில்லை. அண்ணி பத்தியைத் தொட்டியில் செருகிவிட்டு, மோட்டார் கொட்டகைக்குப் போய்ப் பழைய சைக்கிள் டியூப் துண்டோடு வந்தார்.

“பைப்புல தண்ணி வெளிய வராம கட்றோம் இல்ல, காத்து உள்ள போவாம கட்ட முடியாதா? புடி.”

“நேரா வச்சுக் கட்டிட்டா மறுபடி வளையும்போது திறந்துக்கும் அண்ணி. வளைச்சு வச்சே கட்டலாம்.”

அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தார். “சரி வளை. படிச்சது வீண்போவல.”

நான் வளைத்துப் பிடித்தேன். அவர் டியூபைப் பல்லால் கடித்து இழுத்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி சுற்றினார். அந்தக் கைகளை இத்தனை பக்கத்தில் நான் பார்த்ததில்லை. தினமும் ஊதுவத்திப் புகையை உள்ளே விடாமல் மறைத்துப் பிடித்த அதே கைகள். கட்டி முடித்ததும் ஓடவிட்டேன். காகிதம் பாய்ந்து ஒட்டிக்கொண்டது. அண்ணி குனிந்து பார்க்கப்போக, அவருடைய முந்தானையையும் யானை கவ்வியது.

“அட உடு சனியனே! இவ்வளவு நேரம் பட்டினி கெடந்துட்டு என்னத் திங்கப் பாக்குதே!”

சிரித்துக்கொண்டே மெத்தை, திரை, ஜன்னல் இடுக்கு எல்லாவற்றையும் இழுத்து முடித்தபோது தெருவில் வண்டிச் சத்தம் கேட்டது. மகள் இறங்கியதும் அவளைத் தூக்கி முதுகில் காதை வைத்துக் கேட்டேன். சத்தமில்லை. அவள் என்னைத் தள்ளிவிட்டு உள்ளே ஓடி, “யானைக்கு ஏன் கட்டு?” என்றாள்.

“சண்டைக்குப் போச்சு” என்றார் அண்ணி, படியில் விழுந்திருந்த பத்திச் சாம்பலைத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே.

அன்று அவள் தன் அறையிலேயே தூங்கினாள். கட்டு இன்றும் அவிழவில்லை. ஆனால் போன மழைக்காலத்தில் அவளுக்கு ஒருமுறை இழுப்பு வந்தது. அப்போது வீட்டுக்குள் பத்தியும் இல்லை, சோளமும் இல்லை. அப்படியென்றால் அண்ணியை இத்தனை நாள் வெளியே நிற்க வைத்தது எதற்காக? இல்லை, அப்படி வெளியே நிறுத்தியதால்தான் ஒரே முறையோடு போயிற்றா? டாக்டரிடம் மறுபடி கேட்டேன். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒவ்வொன்று ஒத்துக்கொள்ளாது, நீங்கள்தான் கவனித்துப் பார்க்க வேண்டும் என்கிறார்.

இழுப்புள்ள குழந்தைகளை வளர்ப்பவர்கள் இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள். உங்கள் வீட்டுப் பூஜையை என்ன செய்தீர்கள்? பிள்ளை வெளியே விளையாடும் நேரத்தில், ஜன்னலைத் திறந்துவைத்து, ஒரே ஒரு பத்தியைப் படத்தின்முன் காட்டினால் தாங்குமா? புகையே இல்லாமல் வேறு எதையாவது காட்டுகிறீர்களா? அண்ணியாக உள்ளே வர மாட்டார். நான்தான் கூப்பிட வேண்டும். கூப்பிட்டபின் மறுநாள் மகளுக்கு மூச்சு இழுத்தால், அதன்பிறகு அவர் வாசற்படியில்கூட பத்தி ஏற்ற மாட்டார். அதனால்தான் கேட்டுத் தெரிந்துகொண்டு கூப்பிட நினைக்கிறேன்.