கன்னத்துக்கும் மடிக்கும் நடுவே ஒரு மின்பின்

"ஒண்ணும் பண்ணாது. பயப்படாம உள்ள வாங்க."

நாய் பழக்கும் தொழிலில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் இதுதான். இது காதில் விழுந்ததும் ஓர் அடி பின்னால் நகர்ந்துவிடுவது என் வழக்கம். எங்கள் ஊரின் பழைய பிரெஞ்சுப் பகுதியில், துய்மா வீதியில் மதாம் தெரேஸ் கதவைத் திறந்து இதைச் சொன்னபோதும் நகர்ந்தேன். அதனால் என் கை தப்பியது. துப்பட்டா நுனி மட்டும் லூலூவின் வாய்க்குப் போயிற்று.

லூலூ ஏழு மாதக் குட்டி. மினியேச்சர் பின்ஷர் ஜாதி. எங்கள் தொழிலில் மின்பின் என்போம். கறுப்பு உடம்பு, குச்சிக் கால்கள், முகத்தைவிடப் பெரிய காதுகள். மதாம் அதை இடது கையால் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். வலது கையில் ஊன்றுகோல். அந்த உயரத்திலிருந்து லூலூ என்னைப் பார்த்த பார்வை, வாடகை பாக்கி வைத்த குடித்தனக்காரரை வீட்டுக்காரர் பார்ப்பதுபோல் இருந்தது.

குரைக்கிற நாய் கடிக்காது என்று சொல்லி வைத்தவர் மின்பின் வளர்த்தவராக இருக்க முடியாது. லாப்ரடார் உறுமினால் அன்றைக்கே எனக்கு போன் வரும். மின்பின் உறுமினால் வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பார்கள். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பது கடி வாங்கும்போதுதான் தெரியும். இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் முதலில் இதை மனதில் வையுங்கள்: சின்ன நாய் என்று சிரிக்கிற வீட்டில்தான் வேலை அதிகம்.

மதாம் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. அவருக்கு முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டன. கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், காலமாகிவிட்டார். ஒரே மகன் ரொபேர் பிரான்சில் இருக்கிறார். ஒரு முட்டிக்காவது உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லியாயிற்று. செய்தால், வீட்டோடு தங்கி எழுப்பி உட்காரவைக்க ஓர் ஆள் வேண்டும். அந்த வேலைக்கு வந்த முதல் பெண்ணை லூலூ தாடையில் கடித்துவிட்டது. அந்தப் பெண் ஊசி போட்டுக்கொண்டு போனவள், திரும்பிப் பார்க்கவில்லை.

"ரொபேர் என்னா சொல்றான் தெரியுமா? சேதராப்பட்டுல அவன் சிநேகிதனுக்கு ஒரு ஷெட் இருக்குதாம். கேட்டுல கட்டிப் போட நாய் வேணுமாம். லூலூவ அங்க அனுப்பிடுன்றான்."

"நீங்க என்னா சொன்னீங்க?"

"லூலூ போனா நான் ஆபரேஷன் பண்ணிக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். நடக்காமலே கெடக்கறேன், போ."

சொல்லிவிட்டு அழுதார். லூலூ என்னைப் பார்த்து உறுமியது. அழ வைத்தது நான்தான் என்று அது முடிவு செய்துவிட்டது.

ஈரல் மழை

முதல் வேலை லூலூவைத் தரைக்கு இறக்குவது. மடியில் இருக்கும் நாய் ராஜா. தரையில் இருக்கும் நாய் மாணவன். நடுக்கூடத்தில் ஒரு மேட் போட்டோம். பெல் அடித்தால் மேட்டுக்குப் போக வேண்டும், போனால் வேகவைத்த கோழி ஈரல் துண்டுகள் விழும். இதுதான் பாடம்.

இரண்டாவது வேலை மதாமைப் பழக்குவது. அது கொஞ்சம் கடினம். உட்காரச் சொல்ல அவர் ஒரு நேரம் பிரெஞ்சில் "அசி" என்பார், ஒரு நேரம் "சிட்" என்பார், கோபம் வந்தால் "உக்காந்து தொலை" என்பார். ஒரு வேலைக்கு ஒரு சொல்தான் என்று சொன்னேன். "உக்காரு" என்று முடிவாயிற்று. "தொலை" வேண்டாம் என்றேன்.

உறுமினால் அதட்டக் கூடாது என்றும் சொன்னேன். உறுமல் நாய் நமக்குக் கொடுக்கும் எச்சரிக்கை. அதட்டி அதை நிறுத்திவிட்டால், அடுத்த முறை நேராகப் பல்தான் வரும். உறுமினால் ஆளைத் தள்ளி நிறுத்த வேண்டும். நாய்க்குத் தாங்கும் தூரத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். மதாம் இதைக் கேட்டு, "கான்வென்ட் ஸ்கூல்ல எங்க மதர் இத தெரிஞ்சி வச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றார்.

ஆட்களைக் கொண்டுவந்தோம். மீன்காரம்மா, கூரியர்காரர், கேஸ் சிலிண்டர் போடுகிறவர், எதிர் வீட்டு வாட்ச்மேன். யாரும் லூலூவைப் பார்க்கக் கூடாது, கொஞ்சக் கூடாது, குனிந்து கை நீட்டக் கூடாது. வந்து, எட்ட நின்று ஈரலை மேட் பக்கம் எறிய வேண்டும். "ஏம்மா, எனக்கே மீன் விக்காம கெடக்குது, நாய்க்கு ஈரல் போடச் சொல்றியே" என்று மீன்காரம்மா சடைத்துக்கொண்டார். ஆனால் நன்றாகச் செய்தார். கார்த்திகை முடிவதற்குள் அவர் குரல் தெருவில் கேட்டதுமே லூலூ தானாக மேட்டில் போய் உட்கார்ந்து அவரை எதிர்பார்க்கத் தொடங்கியது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. முத்தியால்பேட்டையில் என் வீடு வரைக்கும் ஸ்கூட்டரில் பாடிக்கொண்டு போனேன்.

லூயிசா வந்த நாள்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து மதாமின் சித்தி மகள் லூயிசா வந்தார். நானும் அங்கே இருந்தேன். பெல் அடித்தது. லூலூ மேட்டுக்குப் போயிற்று. லூயிசா உள்ளே வந்து நான் சொல்லிக்கொடுத்தபடி ஈரலைப் போட்டார். லூலூ சாப்பிட்டது, வாலைக்கூட ஆட்டியது. எனக்கு மீசை இருந்தால் முறுக்கியிருப்பேன்.

லூயிசா நாற்காலியில் இருந்த மதாமிடம் போனார். குனிந்தார். வலது கன்னத்தோடு கன்னம் ஒற்றினார். இடது கன்னத்துக்குத் திரும்புவதற்குள் லூலூ மேட்டிலிருந்து பாய்ந்து மதாமின் மடியில் ஏறி, லூயிசாவின் காது ஓரத்தில் கவ்விவிட்டது.

ரத்தம் அதிகமில்லை. சோப்புப் போட்டுக் கழுவி, ஊசிக்கு அனுப்பினோம். ஆனால் செய்தி பிரான்சுக்குப் போய்விட்டது. ரொபேர் வீடியோ காலில் வந்தார்.

"மேடம், நீங்க நல்லாத்தான் ட்ரை பண்ணீங்க. போதும். அதுக்கு வெளியாளுன்னாலே புடிக்கல. அம்மாவுக்குப் பொங்கலுக்கு அப்பறம் ஆபரேஷன். நான் ரிஸ்க் எடுக்க முடியாது."

"சார், கொஞ்சம் டைம் குடுங்க."

"சரி. ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு ஆள் அந்த வீட்டுல ஒரு வாரம் கடி படாம தங்கட்டும். இல்லன்னா லூலூ சேதராப்பட்டுக்குப் போவும். அம்மா, இதுதான் கடைசி."

எனக்கு வெட்கமும் கோபமும் ஒன்றாக வந்தன. வெளியாள் பிடிக்கவில்லை என்றால், ஈரல் சாப்பிட்டு வால் ஆட்டியது எதற்காக?

"மதாம், இது வரைக்கும் அது யார் யாரக் கடிச்சிருக்குது?" என்று கேட்டேன்.

"லூயிசா. என் சிநேகிதி கிளாரா. பக்கத்து வீட்டு மதாம். அப்பறம் அந்த வேலைக்கு வந்த பொண்ணு."

"அந்தப் பொண்ணு அப்ப என்னா பண்ணுச்சி?"

"என்ன நாற்காலிலேர்ந்து தூக்கி விட்டா. அதுக்குத்தான வந்தா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மீன்காரம்மா வாசற்படி தாண்டுவதில்லை. கூரியர்காரர் கைநீட்டும் தூரத்தில் நிற்பார். நான் போனால் கும்பிடுவேன், "வாங்க" என்பார், அவ்வளவுதான். எங்கள் தெருவில் யார் வீட்டுக்கு யார் போனாலும் இதுதான் நடக்கும். மதாம் வீட்டு உறவுக்காரர்களும் சிநேகிதிகளும் அப்படியில்லை. வந்தால் இரண்டு கன்னத்திலும் முத்தம் வைப்பார்கள், அதைப் பிஸூ என்பார்கள். போகும்போது இன்னொரு முறை.

"நான் வர்றதுக்கு முன்னாடி, பெல் அடிச்சா நீங்க லூலூவத் தூக்கிக்குவீங்க இல்ல?"

"ஆமா. ஓடிடுமேன்னு."

"தூக்கி வச்சிக்கிட்டே பிஸூ குடுப்பீங்க."

மதாம் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். பால் மறந்து வந்த நாள் முதல் அந்தக் குட்டி, வருகிறவருக்கும் மதாமுக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டிருந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரு பெரிய முகம் அதன் தலைமேல் வந்து இறங்கியிருக்கிறது. ஓட வழியில்லாதபடி மதாமின் கை அதை அணைத்திருந்திருக்கிறது. அது எத்தனையோ முறை உறுமிப் பார்த்திருக்கும். எல்லோரும் சிரித்திருப்பார்கள்.

பிஸூ பாடம்

"அப்ப யாரும் எனக்கு முத்தம் குடுக்கக் கூடாதுன்னு போர்டு மாட்டிடலாமா?" என்று கேட்டார் மதாம்.

"போர்டு மாட்டலாம். ஆனா ஆபரேஷனுக்கு அப்பறம் உங்களத் தூக்கறவ எப்படித் தூக்குவா? அதே மாதிரி குனிஞ்சிதான். முகத்துக்கிட்ட முகம் வந்துதான் ஆவணும்."

"அப்ப நீ குடு."

"நானா?"

"வேற யாரு? நீதான டீச்சரு?"

எனக்கு ஐம்பது கடந்துவிட்டது. என் வீட்டுக்காரரே நான்கு பேர் பார்க்க என் கையைப் பிடித்ததில்லை. கன்னத்தைக் கொண்டுபோய் எங்கே வைப்பது, எந்தப் பக்கம் முதலில், ஒன்றும் தெரியாது. முதல் முறை நான் இடது பக்கம் போக, அவரும் அந்தப் பக்கமே வர, மூக்கோடு மூக்கு இடித்துக் கண்ணாடி இரண்டும் மோதின. மதாம் சிரித்த சிரிப்பில், தூரத்தில் கட்டியிருந்த லூலூ காதை நிமிர்த்திப் பார்த்தது.

லூலூவுக்கு அது உடனே பழகிவிடவில்லை. முதலில் கூடத்தின் அந்தக் கோடியில் நின்று கொஞ்சம் குனிவேன். மேட்டில் ஈரல் விழும். ஓர் அடி கிட்டே வந்து குனிவேன், ஈரல். உறுமினால் பின்னால் போவேன். மார்கழி முழுக்க இதே வேலை. இரும்பு வலையால் ஆன வாய்மூடியையும் பழக்கினோம். அதற்குள் ஈரலை வைத்து நீட்டி நீட்டி, அதை ஒரு சாப்பாட்டுத் தட்டு என்று லூலூவை நம்பவைத்தோம். கடைசியில் ஒரு நாள் நான் மதாமின் கன்னத்தில் கன்னம் ஒற்றியதும், லூலூ தானாக மேட்டுக்கு ஓடி உட்கார்ந்து, "எங்கே என் பங்கு?" என்பதுபோல் பார்த்தது. ஒரு முகம் குனிந்து வந்தால் தன் தலையில் ஒன்றும் விழாது, மேட்டில் ஈரல்தான் விழும் என்று அதற்குப் புரிந்துவிட்டது.

பிறகு தனம் வந்தாள். அரியாங்குப்பத்துக்காரி, நோயாளிகளைப் பார்த்துக்கொள்வதில் அனுபவம் உள்ளவள். பயந்துகொண்டே வந்தாள்.

"அக்கா, பெரிய நாயின்னா கூட ஓடிடுவேன். இது காலுக்குள்ளயே சுத்துது. மூஞ்சில புடுங்கிடுச்சின்னா?"

"வாய்மூடி போட்டுட்டே பழகலாம். நீ எப்படித் தூக்குவியோ அப்படியே தூக்கு. மெதுவா."

தனம் மதாமின் முதுகுக்குப் பின்னால் கை கொடுத்துத் தூக்குவாள். நான் ஈரல் போடுவேன். தூக்கு, ஈரல். உட்காரவை, ஈரல். மதாம் மூச்சு வாங்கியபடி, "உனக்கு உடம்பு ஏறுது, எனக்கு எறங்குது" என்று லூலூவிடம் சொல்வார். ரொபேர் கேட்ட ஒரு வாரம் கடியில்லாமல் கழிந்தது. அதுவும் வாய்மூடி இல்லாமலே.

ஒத்திகை இல்லாத ஒன்று

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து மதாம் ஆம்புலன்சில் வீட்டுக்கு வந்த அன்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். கட்டிலுக்கு எதிரே போனை நிறுத்திவைத்து ரொபேர் பார்த்துக்கொண்டிருந்தார். லூலூ மேட்டில். லீஷ் கயிற்றின் நுனி என் கையில்.

தனம் குனிந்து, கை கொடுத்து, மெல்லத் தூக்கினாள். மதாம் கத்தினார்.

"ஐயோ! ஐயோ அம்மா! வுடுடி!"

அது ஆபரேஷன் செய்த கால் தரையில் பட்ட வலி. இத்தனை ஒத்திகையிலும் நாங்கள் இந்தக் கத்தலை ஒத்திகை பார்க்கவில்லை. லூலூ எழுந்து நின்றது. முதுகு மயிர் சிலிர்த்தது. தொண்டையிலிருந்து உறுமல் வந்தது. தனம் மதாமின் பாரத்தைத் தாங்கியபடி அப்படியே நின்றாள். அவள் முகம் மதாமின் முகத்துக்கு அருகே இருந்தது. இரண்டு கையும் மாட்டிக்கொண்டிருந்தன. கடித்தால் தடுக்க முடியாது. விட்டால் மதாம் விழுந்துவிடுவார்.

"புடிங்க மேடம்! இழுங்க!" என்று போனிலிருந்து ரொபேர் கத்தினார்.

நான் இழுக்கவில்லை. லீஷ் இறுகினால், ஏதோ ஆபத்து என்று நானே அதற்குச் சொன்னதாகிவிடும். கயிற்றைத் தளர்வாகத்தான் வைத்திருந்தேன். தனம் திரும்பாமலேயே பேசினாள்.

"லூலூ, ஒண்ணும் இல்லடா கண்ணு. அம்மாவுக்கு வலிக்குது. தூக்கி வுட்டுட்டு உனக்குத் தர்றேன், இரு."

லூலூ தனத்தைப் பார்த்தது, மதாமைப் பார்த்தது. பிறகு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. ஒருத்தி குனிந்திருக்கிறாள், இன்னும் ஈரல் வரவில்லையே என்ற அதே பார்வை. கையில் இருந்த டப்பாவை அப்படியே மேட்டில் கவிழ்த்தேன். அது உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கியது. தனம் மூச்சை விட்டு மதாமை நிமிர்த்தினாள். மதாம் வாக்கரைப் பிடித்துக்கொண்டு சொந்தக் காலில் நின்றார்.

போனில் ரொபேர், "அம்மா, சேதராப்பட்டுக்கு நான் போன் பண்ணி வேணாம்னு சொல்லிடறேன்" என்றார்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். ஒரு நாய் யாரைக் கடிக்கிறது என்று கேட்காதீர்கள். என்ன நடக்கும்போது கடிக்கிறது என்று கேளுங்கள். வெளியாள் பிடிக்காத நாய் என்பது மனிதர்கள் வைக்கிற பெயர். அந்த வீட்டில் விருந்தாளி வந்தால் எப்படி வரவேற்பார்கள், யார் யாரைத் தொடுவார்கள், அப்போது நாய் எங்கே இருக்கும், இதையெல்லாம் செய்து காட்டச் சொல்லுங்கள். நம் வீட்டு வழக்கத்தை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த வீட்டு நாயைப் பழக்க முடியாது.

சித்திரை வெயில் தொடங்கிய நேரத்தில் மதாமிடமிருந்து போன் வந்தது. பின்னால் லூலூ குரைத்துக்கொண்டிருந்தது. தனம் அதனோடு சரிக்குச் சரி வாயாடிக்கொண்டிருந்தாள்.

"கஸ்தூரி, இன்னொரு முட்டிக்கும் தேதி வாங்கிட்டேன்."

"நடக்காமலே கெடக்கறேன்னீங்க?"

"அது அப்ப. இப்ப யாரு எங்கள என்னா பண்ணிடுவாங்க?"

லூலூவையும் தனத்தையும் சேர்த்துக்கொண்டு எங்களை என்றார். போனை வைத்துவிட்டு, ஓரமாக நிறுத்தியிருந்த ஸ்கூட்டரிலேயே உட்கார்ந்து நன்றாக அழுதேன்.