விசாவுக்குப் படித்த இங்கிலீஷ்

மகளுக்கு வெளிநாட்டில் பிரசவம். நாங்கள் இருவரும் போய் உடனிருக்க ஆசைப்பட்டோம். அதற்கு விசா வேண்டும். நேர்காணலில் தமிழிலேயே பேசலாம் என்று மகள் சொன்னாள். என் வீட்டுக்காரருக்கு அது கௌரவக் குறைச்சலாகப் பட்டது. அப்படித்தான் ஐம்பதைத் தாண்டிய வயதில் துடியலூரில் ஒரு மாடியில் நடந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கணபதியில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் கிளம்புவோம். கல்லூரிப் பிள்ளைகளுக்கு நடுவே ஒரே பெஞ்சில் உட்காருவோம். அவர் என் நோட்டைப் பார்த்து எழுதுவார். நான் கையால் மறைப்பேன். வகுப்பு முடிந்ததும் பேக்கரியில் ஆளுக்கொரு தேங்காய் பன், டீ. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நாங்கள் இருவர் மட்டும் வெளியே போய் உட்கார்ந்தது அந்த நான்கு மாதம்தான். இப்போதும் அந்த வழியாகப் போனால் மனசு இளகிவிடுகிறது.

இலக்கணத்தில் எதிர்காலம் சொல்லித்தந்த அன்றுதான் தகராறு ஆரம்பித்தது. ‘வில்’லோடு ‘செர்ட்டன்லி’ சேர்த்தால் நிச்சயமாக, ‘ப்ராபப்லி’ சேர்த்தால் அநேகமாக, ‘அஸ் சூன் அஸ்’ போட்டால் ஒன்று முடிந்த கையோடு இன்னொன்று. மகள் வயதிருக்கும் டீச்சருக்கு. திரும்பி வருவோம் என்று விசா ஆபீசில் நம்பும்படி எங்களுக்காகவே ஒரு வாக்கியம் எழுதிக் கொடுத்தாள்: குழந்தைக்கு மூன்று மாதம் ஆனவுடன் நாங்கள் நிச்சயமாகத் திரும்பிவிடுவோம். நான் அன்றே நெட்டுருப் போட்டுவிட்டேன். அவரோ ஒவ்வொரு முறையும் செர்ட்டன்லியை எடுத்துவிட்டு ப்ராபப்லியை வைத்தார்.

“செர்ட்டன்லி சொல்லுங்க அங்கிள்,” என்றாள் டீச்சர்.

“நாளைக்கு நடக்கறத நாம எப்புடீங்க அம்மணி அடிச்சுச் சொல்றது?”

அவருடைய லேத் பட்டறையிலும் இதே கதைதான். சாமான் எப்போது ரெடியாகும் என்று கேட்டால், “செவ்வாய்க்கிழம பாக்கலாமுங்க” என்பார். திங்கட்கிழமையே முடித்து வைத்திருப்பார். எங்கள் ஊரில் அது மரியாதை. கேட்பவருக்கும் அர்த்தம் தெரியும். விசா ஆபீசில் யாருக்குத் தெரியும்?

“ஏனுங்க, காரியத்தக் கெடுத்துப்போடாதீங்க,” என்று சென்னை போய்ச் சேரும்வரை ரயிலில் சொல்லிக்கொண்டே போனேன்.

“செரி அம்மணி, பாக்கலாம்,” என்றார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி, எப்போது திரும்புவீர்கள் என்று இங்கிலீஷில் கேட்டார். இவர் பிழையில்லாமல் பதில் சொன்னார், ப்ராபப்லியோடு. அதிகாரி மறுபடி கேட்டார். மறுபடியும் ப்ராபப்லி. நான் மட்டும் கிளிப்பிள்ளை மாதிரி செர்ட்டன்லி என்று ஒப்பித்தேன். எனக்கு விசா கிடைத்தது. அவருக்கு இல்லை.

படி இறங்கும்போது அவரைக் கண்டபடி திட்டினேன்.

“நீ போயிட்டு வா அம்மணி. புள்ளைக்கு நீதான வேணும்,” என்றார்.

போனேன். மூன்று மாதம் ஆனது. குழந்தையை விட்டு வர மனமில்லை, மகளும் விடவில்லை. ஆறாவது மாதக் கடைசியில்தான் ஊர் திரும்பினேன். தினமும் போனில் பேசினாலும், எப்போது வருகிறாய் என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது.

மறுபடி விசாவுக்குப் போக அவர் ஒப்பவில்லை. மகளுக்கு லீவு கிடைத்து அவர்கள் இங்கே வந்தபோது பேத்தி ஓடவே ஆரம்பித்திருந்தாள். போனில் தாத்தா தாத்தா என்று கூப்பிட்டவள்தான். வாசலில் புதுச்சட்டையோடு குனிந்து இரண்டு கையையும் நீட்டியவரைப் பார்த்ததும், வீல் என்று அழுதுகொண்டு ஓடிப்போய் அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டாள். அவர் நீட்டிய கையை மடக்காமல் அப்படியே குனிந்து நின்றார்.