சப்பாத்தோடு வந்த பிள்ளை

1984 ஆவணியில் எங்கள் வீட்டுத் தொட்டில் வெறுமையாயிற்று. குழந்தை சாகவில்லை. பெற்றவளே திரும்பக் கொண்டுபோய்விட்டாள்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ரொறன்ரோவில் கோப்பை கழுவத் தொடங்கி, ஒருவர் தயவுமில்லாமல் இரண்டு கடை போட்டவன். பிள்ளைப் பாக்கியம் மட்டும் இல்லை. தத்தெடுக்க இரண்டு வழி இருந்தது. ஏஜென்சி என்றால் வீடு பார்ப்பார்கள், துருவிக் கேட்பார்கள், வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். லோயர் மூலம் நேரே போனால் கைக்குழந்தை கெதியில் கிடைக்கும். ஆனால் சில கிழமைக்குள் பெற்றவள் மனம் மாறினால் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

“உதெல்லாம் நடவாது. நான் தொட்டது எது பிழைச்சது?” என்றேன் மனைவி பரிமளத்திடம்.

அதுவே பிழையாய்ப் போயிற்று. வள்ளி என்று காதில் பெயர் சொல்லி, முப்பத்தோராம் நாள் விருந்துக்கு எல்லாருக்கும் சொல்லியிருந்தோம். அதற்கு முதலே கொண்டுபோனார்கள். பரிமளம் பால்போத்தலைக் கழுவிக் கழுவி வைத்தாள்.

அந்த ஐப்பசியில் கந்தசஷ்டி முழுக்கத் தண்ணீரோடு விரதம் இருந்தாள். பாறணை முடித்துத்தான் வாய் திறந்தாள்.

“இனி ஏஜென்சிதான். எவ்வளவு காலமெண்டாலும் காத்திருப்பம். ஆரும் பறிக்கேலாத பிள்ளை வேணும்.”

1986 கார்த்திகையில் ஏஜென்சி அம்மா மூன்று வயதுப் பையனைக் கொண்டுவந்தா.

“இவனைத் தேடி ஆரும் வருவினமோ, கேளுங்கோ” என்றாள் பரிமளம். கேட்டேன். இல்லை என்றா.

அவன் சப்பாத்தைக் கழற்றவில்லை. உண்பதும் உறங்குவதும் அதோடுதான். நாலு வீடு மாறிய பிள்ளை. இங்கிருந்தும் கிளம்ப வேண்டிவரும் என்று ஆயத்தமாகவே இருந்தான். எங்கள் வீட்டுக்கு எந்தப் பெரிய மனிதரும் வாசலில் கழற்றித்தான் வருவார். இவன் சாமியறைக்குள்ளேயே சப்பாத்தோடு நின்றான். பிடித்துக் கழற்றப் போனேன். அவன் கத்திய கத்தல்!

“விடுங்கோப்பா. முருகன் கோவிக்கமாட்டார்” என்றாள் பரிமளம்.

அன்றிலிருந்து என் வேண்டுதல் ஒன்றே. முருகா, அவனாகக் கழற்ற வேண்டும். என் உழைப்பால் எடுக்க முடியாத பொருள் அதுதான்.

தைப்பூசத்தன்று கோயிலால் திரும்பினோம். வெளியே பனி. வாசலில் குனிந்து என் சப்பாத்தைக் கழற்றினேன். அவனும் பக்கத்தில் இருந்து, தன்னுடையதை இழுத்து இழுத்துக் கழற்றினான். பரிமளத்தின் சப்பாத்தோடு ஒட்டி வைத்தான். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

வள்ளியை நினைத்து இன்றும் அழுகிறோம். பெற்றவளிடம் அவள் நன்றாக இருக்க வெள்ளிதோறும் விளக்கு வைக்கிறோம். அடியார்களே, எந்த வழியால் போனாலும் முருகனிடம் கேட்டுவிட்டுப் போங்கள். பிந்துவான். கைவிடான். என்னைப்போல ஒரு முரடனுக்கே இரங்கியவன், உங்களுக்கு இரங்காமல் விடுவானா?